கண்ணைக் கேட்டால் காரணம் சொல்லுங்கள்

ஓட்டப்பிடாரம் கூட்டத்தின் கொள்கைப் பிரகடனம்

ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்களிலிருந்து வந்து கூடிய நாங்கள், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், மானாவாரி விவசாயிகள், ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள், ரேஷன் கடை விற்பனையாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், எல்லோருமாகச் சேர்ந்து இதனால் அறிவிப்பதாவது:

ஒருவரின் கண் அவருக்கே சொந்தம். அதன் கருவிழியில் இருக்கும் கோலமும், அந்தக் கண் எந்தப் பக்கம் திரும்பியது, எதன்மேல் எவ்வளவு நேரம் நின்றது என்ற கணக்கும் அவருடையவை. தன் கண்ணைச் சாவியாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்பவருக்கு வேறு வழி இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னதற்காகவோ, கருவி தன் கண்ணை அடையாளம் காணவில்லை என்பதற்காகவோ, எவருடைய அரிசியும் கூலியும் படிப்பும் பென்ஷனும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. இதற்காக ஓர் இயக்கம் தொடங்குகிறோம்.

இயக்கத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்; ஒன்றைச் சொன்னவர் மற்றதை ஒத்துக்கொள்ளவில்லை. கொள்கை முதலில், பெயர் பிறகு என்று விட்டுவிட்டோம்.

இந்தப் பேச்சைக் கிளப்பிய பொருள் எங்களில் ஒருவர் வீட்டிலும் கிடையாது. தலையில் மாட்டிக்கொண்டால் இன்னோர் உலகத்தில் நிற்பதுபோலக் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டைத்தான் சொல்கிறோம். ஆப்பிள் கம்பெனியின் விஷன் புரோ 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 3,499 டாலர். அதை மாட்டிக்கொண்டவர் பாஸ்வேர்டு அடிக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் கேமரா கண்ணைப் பார்க்கிறது, ஆள் யாரென்று தெரிந்துகொள்கிறது, திறந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2019-லேயே ஹோலோலென்ஸ் 2 என்ற கருவியில் இந்த வசதியை வைத்துவிட்டது. சாம்சங் 2025 அக்டோபரில் கேலக்ஸி எக்ஸ்.ஆர். என்ற கருவியை 1,799 டாலருக்கு இறக்கியது. அதுவும் கண்ணைப் பார்த்துத் திறக்கும்.

இந்தக் கருவிக்கும் எங்கள் கரிசல்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: செல்போன் இந்தக் காட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கென்றே எக்ஸ்டிக் என்ற மையம் நடக்கிறது. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடியில் தொழில் 4.0 மையங்களாக மாற்ற எடுத்த திட்டம் எல்லோரும் அறிந்தது. வெல்டிங் பழகவும் பெயின்ட் அடிக்கப் பழகவும் உலகமெங்கும் ஹெட்செட் மாட்டிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதைத் தலையில் மாட்டும் நாள் தூரத்தில் இல்லை. அன்றைக்கு அந்தக் கருவி யாருடையதாக இருக்கும்? பிள்ளையுடையதாக இருக்காது; பயிற்சி நிலையத்துடையது, இல்லையென்றால் கம்பெனியுடையது. எங்கள் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றை எதிர்ப்பதும் ஏற்பதும் ஒரே பிழை.

ஹெட்செட்டின் உட்புறம் கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அவை வீசும். அந்த ஒளி விழியில் பட்டுத் திரும்பும் புள்ளிகளையும் கண்பாப்பாவின் நடுவையும் கேமரா பிடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரத்தையும் கோணத்தையும் வைத்துப் பார்வை எங்கே போகிறது என்று கணக்குப் போடுகிறது. கருவியைப் பொறுத்து, பெரும்பாலும் நொடிக்கு 30 முதல் 120 தடவை இது நடக்கும். இதை வைத்ததற்கு முதல் காரணம் லாக்-இன் அன்று. நாம் உற்றுப் பார்க்கும் இடத்தை மட்டும் துல்லியமாக வரைந்து, ஓரங்களை மங்கலாக விட்டால் கம்ப்யூட்டருக்கு வேலை மிச்சம். அதற்காகவும், கையால் தொடாமல் பார்வையாலேயே பட்டனைத் தேர்ந்தெடுக்கவும் வைத்தார்கள். கேமரா எப்படியும் கண்ணுக்கு எதிரில்தானே இருக்கிறது, அதையே பூட்டுக்கும் பயன்படுத்துவோம் என்பது அடுத்து வந்தது.

கண்ணால் திறப்பதில் மூன்று வகை உண்டு. கருவிழியின் கோலத்தைப் படிப்பது ஒன்று. அந்தக் கோலம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. ஒரே ஆளின் இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட வேறு வேறு. இரட்டைப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல இராது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் 1990-களின் தொடக்கத்தில் இந்தக் கோலத்தை 2,048 பிட் கொண்ட ஒரு குறியீடாக மாற்றும் கணக்கைத் தந்தார். உலகத்தில் இன்று நடக்கும் கருவிழிச் சோதனையில் பெரும்பகுதி அதன் வழி வந்ததே. திரையில் தெரியும் எண்களை வரிசையாகப் பார்த்து ரகசிய எண்ணைச் சொல்வது இரண்டாவது வகை. மூன்றாவது வகைதான் விநோதமானது. கண் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தாவல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நொடிக்கு மூன்று தடவை அளவில், நமக்கே தெரியாமல், கண் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாவலின் வேகத்தையும் நிற்கும் நேரத்தையும் வைத்தே ஆளைச் சொல்லிவிட முடியும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சி நடக்கிறது. உள்ளே நுழையும்போது ஒரு தடவை பார்ப்பதோடு இந்த முறை நிற்காது. உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ஆளைக் கவனித்துக்கொண்டே இருக்கலாம்.

இப்போது எங்கள் வாதத்துக்கு வருகிறோம். 3,499 டாலர் கொடுத்த ஆளின் கண்ணுக்கு அந்தக் கம்பெனி நான்கு மரியாதைகள் செய்கிறது. கருவிழிப் பதிவு அந்தக் கருவிக்குள்ளேயே பூட்டிய ஓர் இடத்தில் இருக்கிறது. கம்பெனியின் கம்ப்யூட்டருக்குக்கூடப் போவதில்லை. கண்ணைப் பதிவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். கண் பிடிபடாவிட்டால் எண்ணை அடித்து உள்ளே போகலாம். நாலாவது, அவர் எங்கே பார்த்தார் என்பது உள்ளே ஓடும் செயலிகளுக்குச் சொல்லப்படுவதில்லை. விரலைச் சேர்த்துத் தட்டித் தேர்ந்தெடுத்தது எதுவோ அது மட்டும் போய்ச் சேரும். கம்பெனி தன் வார்த்தையாகவே இவற்றை எழுதி வெளியிட்டிருக்கிறது. கம்பெனிக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. வாடிக்கையாளர் கேள்வி கேட்பார், விட்டுவிட்டுப் போவார் என்ற பயம் இருப்பதால் கிடைத்த மரியாதை அது.

அதே கண்ணைச் சின்னம்மாவோ பெரியம்மாவோ ரேஷன் கடைக்குக் கொண்டுபோகும்போது என்ன மரியாதை கிடைக்கிறது?

2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறையும் வந்தது. எங்கள் பக்கத்தில் ரேகை எளிதில் விழாது. ஆண்டுக்கணக்கில் பெட்டி ஒட்டிய விரல், கட்டை அடுக்கிய விரல், அளத்தில் உப்பு வாரிய விரல், பருத்தி எடுத்த விரல், கரிமூட்டத்தில் வெந்த விரல். மெஷின் அதில் எதைத் தேடிப் படிக்கும்? விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, ‘ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க’ என்று கேட்டுத் திரும்பிய பெண்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்த விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. மெஷின் திட்டு வாங்காது, மனிதர்தானே வாங்குகிறார். இந்தச் சிக்கலுக்கு மருந்தாகத்தான் கருவிழி பார்க்கும் கருவி சோதனை முறையில் சில இடங்களில் தொடங்கி ரேஷன் கடைகளுக்கு வந்தது. நல்ல எண்ணம்தான். ரேகை தேய்ந்தவருக்கு அது உண்மையிலேயே உதவியும் இருக்கிறது.

ஆனால் இந்த வட்டாரத்தின் கண்களைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெயிலிலும் புழுதியிலும் வேலை பார்ப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது சகஜம். வெள்ளை வெளேரென்ற அளத்தில் நாளெல்லாம் நின்றவருக்குக் கண் கூசிக்கொண்டே இருக்கும். அகலத் திற என்றால் திறக்க வராது. புரைக்கு ஆபரேஷன் செய்தவர்கள் சிலருக்குப் பாப்பாவின் வட்டம் கொஞ்சம் கோணிவிடுகிறது. பழைய பதிவோடு புதிய கண் ஒத்துப்போகாமல் போகலாம். மாறுகண் உள்ளவரை, விழி ஆடிக்கொண்டே இருப்பவரை, ஒரு கண் இல்லாதவரைப் பார்வையைப் பின்தொடரும் கருவிகள் இன்னும் அதிகமாகத் தடுமாறவைக்கும். விரலில் தோற்றவரைக் கண்ணுக்கு அனுப்பி, கண்ணிலும் தோற்றவரை எங்கே அனுப்புவது?

ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது: அடையாளச் சோதனை தோற்றது என்பதற்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது என்று. ஜார்க்கண்டில் ரேஷன் கார்டு ஆதாரோடு சேராததால் ரத்தான குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி பட்டினியால் இறந்தாள் என்று நாடே பேசிய சமயம் அது. தமிழ்நாட்டில் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. வர முடியாதவர்களுக்கு வேறொருவர் வாங்கிக்கொள்ளும் வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருகிறது. இவற்றை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனாலும் சுற்றறிக்கை கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதி வைத்த உரிமை, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைத்தால் அது சலுகைதான்.

உடம்பைக் கொண்டு ஆளைப் பதிவது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரின் கையைப் பதிய வைத்தார். பின்னால் பென்ஷன்காரர்களிடமும் கைதிகளிடமும் ரேகை வாங்கினார். 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, பிறந்த சாதிக்காகவே ஆட்களைக் கைரேகை வைக்கச் சொன்னது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிய 1947 ஆனது. ஆதாரும் அதுவும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். ஒன்று சந்தேகத்தில் பிறந்தது, மற்றது கணக்கெடுப்பில் பிறந்தது. ஆனால் உடம்பைப் பதியச் சொல்பவர் மேலேயும் பதிகிறவர் கீழேயும் நிற்கும் ஏற்பாடு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. எங்களுக்குச் சந்தேகம் வருவதற்கு வரலாறு இருக்கிறது.

இந்தக் கூட்டம் ஓட்டப்பிடாரத்தில் நடந்ததற்கும் காரணம் உண்டு. 1872 செப்டம்பர் 5-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர் இது. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே தனிக்காட்டு ராஜாவாக இருந்தபோது, நீராவிக் கப்பலே வேண்டாம், தோணியில் போவோம் என்று அவர் சொல்லவில்லை. 1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, பங்கு திரட்டி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து ஓட்டினார். எந்திரத்தோடு அவருக்குச் சண்டை இல்லை. அது யார் கையில் இருக்கிறது, பயணி எப்படி நடத்தப்படுகிறார் என்பதில்தான் சண்டை. எங்கள் நிலைப்பாடும் அதுவே. எங்களைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்ல வருபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

எந்திரத்தை நாங்கள் வேண்டாம் என்று சொல்லாததற்கு இன்னொரு பெரிய காரணம் ஆய்க்குடி. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கத்தை இந்தப் பக்கத்தில் அறியாதவர் குறைவு. கையும் நாக்கும் ஒத்துழைக்காத ஒருவருக்குப் பார்வையைப் பின்தொடரும் கருவி பேச்சையே திருப்பித் தரும். ஸ்வீடனில் 2001-ல் தொடங்கிய டோபி கம்பெனியின் கருவிகளால் உலகம் முழுக்க அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பிரதீப்தா பிஸ்வாஸ் குழுவினர், சென்னை வித்யாசாகர் அமைப்பின் மாணவர்களோடு சேர்ந்து, கண் பார்வையால் இயங்கும் கருவிகளைச் செய்துபார்த்திருக்கிறார்கள். விரலால் பாஸ்வேர்டு அடிக்க முடியாதவருக்குக் கண்ணால் லாக்-இன் செய்வது சொகுசு அன்று; அவருக்கு அது ஒன்றுதான் கதவு. ஆகவே கண் சாவியைத் தடைசெய் என்று எங்களில் ஒருவரும் சொல்லக் கூடாது. கூட்டத்தில் ஒருவர் அப்படிச் சொன்னார். சக்கர நாற்காலியில் வந்திருந்த தம்பி ஒருவர் பதில் சொன்னபிறகு அவரே தன் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கண்ணைப் பற்றி இந்த மண்ணில் பேசிவிட்டு டாக்டர் வெங்கடசாமியைச் சொல்லாமல் போனால் எங்களை ஊருக்குள் விடமாட்டார்கள். எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. கோணிய விரலுக்குத் தோதாகக் கருவி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். ஓய்வுபெற்ற பிறகு, 1976-ல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் அங்கே வைத்தியம் ஒன்றே. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் எட்டாத விலைக்கு இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் தொடங்கி அதை இங்கேயே செய்து விலையை இறக்கினார்கள். ஏழையின் கண்ணும் பணக்காரனின் கண்ணும் ஒரே தரத்தில் கவனிக்கப்பட வேண்டும் என்று செய்து காட்டியவர் கரிசல்காட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் முடிந்த ஒன்று அடையாளச் சோதனையில் ஏன் முடியாது என்பதே எங்கள் கேள்வி. அவரை ஒரு ரேகை மெஷின் முன்னால் நிறுத்தியிருந்தால் அது என்ன சொல்லியிருக்கும் என்று யோசிப்பதில் எங்களுக்கு ஒரு குறும்பும் இருக்கிறது.

கருவிழி ஒரு பக்கம். பார்வை இன்னொரு பக்கம். அதைப் பற்றித்தான் படித்தவர்கள்கூட அதிகம் யோசிப்பதில்லை.

2024-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு காரியம் செய்து காட்டினார்கள். விஷன் புரோ மாட்டியவர் வீடியோ அழைப்பில் பேசும்போது அவர் முகத்துக்குப் பதிலாக ஒரு பொம்மை முகம் தெரியும்; அவர் கண் அசைந்தால் பொம்மையின் கண்ணும் அசையும். அவர் கண்ணாலேயே கீபோர்டில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து டைப் செய்தால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அந்தப் பொம்மைக் கண்ணை மட்டும் பார்த்து, அவர் என்ன டைப் செய்கிறார் என்று கணக்கிட முடிந்தது. முப்பது பேரிடம் சோதித்தார்கள். ஐந்து ஊகங்களுக்குள், செய்திகளில் உள்ள எழுத்துகளை நூற்றுக்கு 92 அளவிலும், பாஸ்வேர்டு எழுத்துகளை 77 அளவிலும் சரியாகச் சொன்னார்கள். கேஸ்ப்ளாய்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கம்பெனி அந்த ஓட்டையை 2024 ஜூலையில் அடைத்துவிட்டது. செயலிக்குப் பார்வையைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த, உலகத்திலேயே பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றின் கருவியிலேயே இப்படி ஒரு சந்து இருந்தது. மலிவுக் கருவியில், யாரும் சோதிக்காத கருவியில், எத்தனை சந்து இருக்கும்?

பாஸ்வேர்டு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். கருவிழி போனால் வேறு கருவிழிக்கு எந்தக் கடைக்குப் போவது? பார்வை அதைவிடவும் அந்தரங்கமானது. எதைப் பார்த்ததும் பாப்பா விரிந்தது, எந்த முகத்தில் கண் ஒரு நொடி கூடுதலாக நின்றது, எந்தக் கேள்வியில் தடுமாறியது, அசதியா, நோயா என்பதுவரை கண்ணசைவிலிருந்து ஊகிக்கலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மனிதர் வாயைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம், முகத்தையும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். கண் தாவுவதைக் கட்டுப்படுத்த முடியாது. வேலைப் பயிற்சியில் ஒரு பெண்பிள்ளை ஹெட்செட் மாட்டி எட்டு மணி நேரம் இருந்தால், சாயந்தரம் சூப்பர்வைசர் மேசையில் அவள் எங்கெங்கே பார்த்தாள் என்ற கணக்கு வந்து நிற்கும் காலத்தை நாங்கள் வரவிடப் போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24-ல் நீதியரசர் புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆதார் வழக்கில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் திட்டம் தப்பியது. தனியார் கம்பெனிகள் தம் இஷ்டத்துக்கு ஆதார் கேட்க இடம் கொடுத்த பகுதி அடிபட்டது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முந்தைய மசோதாக்களில் கைரேகை, கருவிழி போன்றவற்றைக் கூடுதல் காவல் தேவைப்படும் தரவு என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. உங்கள் இமெயில் முகவரியும் உங்கள் கருவிழியும் அதற்கு ஒரே வரிசைதான். அரசு மானியமும் சலுகையும் தரும் இடங்களில் பல நேரம் புதிதாகச் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாளவும் அது வழிவிடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008-லேயே கருவிழியையும் கைரேகையையும் எழுத்துமூலச் சம்மதம் இன்றி எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. கென்யாவில் சில ஆயிரம் ஷில்லிங் மதிப்புள்ள டிஜிட்டல் காசு கொடுத்து, மக்களை வரிசையில் நிறுத்திக் கருவிழியைப் பதிந்தது வேர்ல்டுகாயின் என்ற கம்பெனி. 2023-ல் அந்த நாட்டு அரசு அதை நிறுத்தியது; 2025 மே மாதம் அங்குள்ள உயர் நீதிமன்றம், எடுத்த பதிவுகளை அழிக்கச் சொன்னது. அதே கம்பெனியின் உருண்டைக் கருவி 2023-ல் டெல்லியிலும் பெங்களூரிலும் வந்து நின்று, பிறகு நிறுத்தப்பட்டது. கென்யாவில் ஏழையின் கண்ணுக்காக வழக்கு நீதிமன்றம் வரை போனது. நாம் நம் கண்ணுக்காக இன்னும் மனு எழுதவே தொடங்கவில்லை.

ஆகையால் எங்கள் கொள்கை இது. கண் எங்கே சாவியாகப் பயன்பட்டாலும், அது விலை உயர்ந்த ஹெட்செட்டோ ரேஷன் கடை மெஷினோ, மேலே சொன்ன அந்த நான்கு மரியாதைகளும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். பதிவு ஆளோடும் அவர் கையில் உள்ள கருவியோடும் இருக்க வேண்டும். வேறிடத்தில் வைத்தே தீரவேண்டும் என்றால் எதற்கு, எவ்வளவு காலம், யார் பார்ப்பார் என்பதைத் தமிழில், படித்துக் காட்டி, சொல்ல வேண்டும். கண் வேண்டாம் என்பவருக்கு எண்ணோ அட்டையோ மனிதச் சாட்சியோ மாற்று வழியாக, அதே கவுன்டரில், அதே நேரத்தில் இருக்க வேண்டும். மாற்று வழிக்குத் தனி வரிசை, தனி நாள், தாலுகா ஆபீஸ் கடிதம் என்று அலையவிட்டால் அது மாற்று வழி ஆகாது.

பார்வைப் பதிவைக் கொண்டு ஒருவரை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும், சம்பளம் வெட்டுவதும், மதிப்பெண் குறைப்பதும், பொருள் விற்பதும் கூடவே கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். பயிற்சி முடிந்ததும் பதிவு அழிய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் கண்ணசைவைப் பள்ளிக்கூடமோ டியூஷன் சென்டரோ சேமிக்கவே கூடாது. பெற்றோர் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்ற சாக்கும் செல்லாது, ஏனென்றால் சேர்க்கை நாளில் நீட்டிய பேப்பரில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாம். அரசு பணத்தில் வாங்கும் எந்தக் கண் கருவியையும் முதலில் எங்கள் பக்கத்துக் கண்களில் சோதிக்க வேண்டும்: புரை எடுத்த கண், சதை வளர்ந்த கண், மாறுகண், உப்பளத்துக் கண். எத்தனை பேரிடம் தோற்றது என்ற கணக்கை வெளியிட்டபிறகு வாங்கட்டும். சட்டத்தில் விடுபட்ட அந்தத் தனிப்பிரிவை, பார்வைப் பதிவையும் சேர்த்து, மீண்டும் கொண்டுவரச் சொல்லி எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுக்கிறோம். கட்சி பார்க்கவில்லை. எந்தக் கட்சிக் கொடியும் எங்கள் மேடையில் ஏறாது; வேட்டிக் கரையைப் பற்றி மட்டும் நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஹெட்செட்டையும் கேமராவையும் கொண்டு எங்கள் ஊருக்கு வாருங்கள், வரவேற்கிறோம். கண்ணைத் தருகிறோம், கூலியில்லாமல் தருகிறோம் என்றுகூட எங்களில் சிலர் சொல்கிறார்கள். முடிவைத் தமிழில் எழுதி எங்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்; எங்கள் கண் உங்கள் கட்டுரையில் எண்ணாக மட்டும் மிஞ்சக் கூடாது.

உடனடியாகச் செய்யக்கூடிய வேலை சில இருக்கின்றன. ஆதாரில் உங்கள் ரேகையையும் கருவிழியையும் முகத்தையும் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் செயலியிலோ ஆதார் மையத்திலோ செய்துகொள்ளலாம். பூட்டியிருக்கும்வரை வேறு ஒருவர் உங்கள் உடம்பை வைத்து ஆதார் வழியாக எதையும் திறக்க முடியாது. (ரேஷன் வாங்கப் போகும் நாளில் திறந்துவிட மறக்காதீர்கள், மறந்துவிட்டு விற்பனையாளரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.) செயலி கையாளத் தெரியாதவர்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் செய்துகொடுக்க வேண்டும், இது எங்கள் இயக்கத்தின் முதல் வேலையாக ஏற்கப்பட்டது. ரேகையோ கருவிழியோ பொருந்தவில்லை என்று பொருள் மறுக்கப்பட்டால் அந்தத் தேதியையும் கடை எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 2017 சுற்றறிக்கையின் நகலைக் கடையில் காட்டுங்கள். ஆதார் புகாருக்கு 1947 என்ற எண்ணுக்குப் பேசலாம். உங்கள் பிள்ளை படிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ ஹெட்செட் வந்தால், மாட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: என் கண்ணைப் பதிகிறதா, பதிவு எங்கே போகிறது, வேண்டாம் என்றால் வேறு வழி என்ன?

கிராமத்துக்கு இரண்டு பேராவது எங்களோடு சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் ரேஷன் கடை வரிசையில் நிற்பது அவர்கள்தான். சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, கைரேகையும் கேட்கமாட்டோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் இதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். தெரியாதவர்கள் உங்கள் பெயரை வாயால் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். அது போதும்.